கேட்காமல் கூட்டிய மூன்று டிகிரி

ஷமீமாவுக்கு யாரிடமும் எதையும் கேட்பதென்றாலே ஒவ்வாது. கேட்டால், சிங்கப்பூர் வழக்கப்படி "பார்க்கலாம் லா" என்று இழுப்பார்கள். கேட்காமல் செய்து முடித்துவிட்டால் "பரவாயில்லையே" என்பார்கள். கணவர் அஸ்மத்தின் தேநீரில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அடியோடு நிறுத்தியது அப்படித்தான். மனிதர் இன்றைக்கும் "உன் டீயோட இனிப்பே தனி" என்று ரசித்துக் குடிக்கிறார். சிராங்கூன் சாலையில் அவளைப் பெற்ற அத்தா நடத்தும் துணிக்கடையை, அவர் மக்காவுக்கு உம்ரா போயிருந்த நேரம் பார்த்துத் தலைகீழாக மாற்றியதும் அப்படித்தான். திரும்பி வந்தவர் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மறுநாளிலிருந்து அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார்.

இந்தக் கைராசியை நம்பித்தான் பல்கலைக்கழகத்தில் பசுமைக் கூட்டமைப்பை உருவாக்கும் வேலையை ஏற்றாள். மருத்துவம், பொறியியல், சட்டம் என்று ஆறு துறைகளைச் சுற்றுச்சூழலுக்காக ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்தாள். ஆனால் எல்லோரும் அவளுடன் பேசினார்களே தவிர, ஒருவரோடொருவர் பேசவில்லை. இரண்டு வருடம் பொறுத்த மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது: வகுப்பறை ஏர்கானை இருபத்தைந்து டிகிரிக்கு உயர்த்த இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆறு துறைகளும் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டமைப்பைக் கலைத்துவிடலாம். ஐந்து துறைகள் தலையாட்டிவிட்டன. மருத்துவத் துறைப் பேராசிரியர் மாசிலாமணி மட்டும் 'முடியாது' என்று ஒற்றைச் சொல்லில் மின்னஞ்சல் போட்டிருந்தார்.

கூட்ட அறை எப்போதும் இருபத்திரண்டு டிகிரியில் விறைத்துக் கிடக்கும். பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட எல்லோரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமை காலை யாரும் வருமுன் ஷமீமா கட்டடப் பராமரிப்புக்குப் போன் செய்து, அறையை இருபத்தைந்துக்கு ஏற்றச் சொன்னாள்.

கூட்டம் தொடங்கியது. சட்டத்துறை அம்மையார் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அடுத்தவரும் கழற்றினார். கோட்டை எங்கோ மறந்துவிட்டு அரைக்கைச் சட்டையோடு வந்திருந்த மாசிலாமணி ஒரு தடவைகூடக் கையைத் தேய்த்துக்கொள்ளவில்லை. திட்டம் பலித்துவிட்டது என்று ஷமீமாவுக்குப் பட்டது. அதற்கு மேல் அடக்க முடியாமல், காலையிலிருந்து அறை இருபத்தைந்தில்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அறிவித்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாசிலாமணி எழுந்து நின்றார். மற்றவர்களுக்குப் புரியக்கூடாதென்றோ என்னவோ, தமிழில் பேசினார்.

"அனுமதி வாங்காம மனுஷங்க மேல சோதனையா? என் ஸ்டூடண்ட் இதைச் செஞ்சிருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பேன். முதல்ல பழையபடி மாத்தச் சொல்லுங்க."

ஷமீமா பராமரிப்புக்குப் போன் செய்தாள். சட்டத்துறை அம்மையாரும் தன் சம்மதத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்று மடிக்கணினியை மூடினார். இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. குளிர் இறங்க இறங்க ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏறின.

"ரெண்டு வருஷமா நீங்க எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கீங்க, ஷமீமா. ஒரு தடவையாவது என்னைக் கேட்டீங்களா?" என்றார் மாசிலாமணி.

சுருக்கென்று தைத்தது. முடியாது என்று அவர் எழுதியபோது, இந்த மனிதரை எப்படி மடக்குவது என்றுதான் அவள் யோசித்தாள்.

"மன்னிச்சிடுங்க புரொஃபசர். நான் செஞ்சது தப்பு." பிறகு கேட்டாள்: "ஏன் முடியாதுன்னு சொல்றீங்க?"

அவர் மெல்ல உட்கார்ந்தார். "எங்களோடது பழைய பில்டிங். லெக்சர் ஹாலுக்கும் எலிங்க இருக்கற லேபுக்கும் ஒரே ஏர்கான் லைன். ஹாலை ஏத்தினா லேபும் ஏறும். ஆராய்ச்சி மொத்தமும் கெட்டுடும்."

"லைனைப் பிரிச்சிடலாமே," என்றாள் ருக்சார், அவளும் தமிழிலேயே. பொறியியல் விரிவுரையாளர், இத்தனை கூட்டங்களில் 'ஓகே' தவிர வேறெதுவும் பேசாதவள்.

"பிரிக்க முடியுமா? யாரும் சொல்லலையே?" என்றார் மாசிலாமணி.

"பிரச்சினை என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே லா."

இருவரும் வெள்ளைப் பலகைக்குப் போனார்கள். பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. எலிகளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே சட்டத்துறை அம்மையார் மடிக்கணினியைத் திறந்தார். ஷமீமாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"லைனைப் பிரிச்சதும் எங்க ஹாலும் இருபத்தஞ்சு, எழுதிக்கங்க," என்றார் மாசிலாமணி, கைகளைத் தேய்த்தபடி. "இந்த ரூமையும் ஏத்தச் சொல்லுங்க. குளிருது."

போனை எடுத்தவள் கீழே வைத்தாள். மேசையைச் சுற்றிப் பார்த்து, எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டாள். எல்லோரும் கை தூக்கிய பிறகுதான் போன் செய்தாள்.

அன்று மாலை தோ பாயோ வீட்டில் அஸ்மத் டீ கேட்டார். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சர்க்கரை எவ்வளவு போடட்டும்?"

இது என்ன புதுசாகக் கேள்வி என்பதுபோல் அவர் பார்த்தார்.

"எப்பவும் போடுற அளவே போடு," என்றார்.