ஈர்க்குச்சியும் ஒரு கை தண்ணீரும்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் சித்தப்பா பாபநாசத்தில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்த சமயம். கூலிச் சண்டையில் எங்கள் தெருவே அறுப்புக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது. தெருமுனையில் புது ஆட்சியின் கொடி மட்டும் நன்றாகப் பறந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்தா பெரிய வீட்டு டிரான்சிஸ்டர் ஊமையாக வேண்டும்? பண்ணைக் காரியக்காரர் அதைக் கொடிக்கம்பத்தடியில் வைத்துவிட்டு, சித்தப்பாவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது பாடிவிட்டால் அக்கம்பக்கத்து ஊர் செட்டெல்லாம் சித்தப்பாவைத் தேடி வரும். பாடாவிட்டால் மறுபடி சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

கெட்டுப்போன கண்டன்சரைக் கழற்றியாயிற்று. ஆனால் அதன் கால்கள் இருந்த துளைகளைப் பழைய ஈயம் அடைத்துக்கொண்டு, புதுசை உள்ளே விடமாட்டேன் என்றது. முரட்டுத்தனமாகக் குத்தினால் பலகையில் ஒட்டியிருக்கும் செம்புக் கோடு பெயர்ந்துவிடும். எங்கள் தெருவில் கரண்ட் ஏது? கரி அடுப்பில் காய்ச்சிய பற்றவைக்கும் கோலைச் சித்தப்பா துளைமேல் வைப்பார். ஈயம் மினுமினுத்து இளகியதும் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றைச் செருகித் திருகுவார். ஈயம் குச்சியில் ஒட்டாது. ஆறியபின் உருவினால் துளை வழியாக வெளிச்சம் தெரியும். கோல் ஆறிப்போக, மறுபடி காய்ச்ச, ஒரு முழுப் பகல் போனது. விளக்குமாறு மொட்டையாகிவிட்டதென்று அம்மா திட்டினாள்.

புதுசைப் பொருத்தி மறுநாள் கொண்டுபோனார். நானும் ஒட்டிக்கொண்டேன். பெரிய வீட்டில் மாட்டுக்கொட்டகை வாசல்வரைதான் நாங்கள் போகலாம். அங்கே நின்று குமிழைத் திருகினார். பாட்டு கணீரென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லுடா” என்றார் காரியக்காரர்.

சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி ரேடியோமேல் தெளித்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். அது போதவில்லை போலும், இன்னொரு கை அள்ளினார். பாட்டு கரகரத்தது, பிறகு நின்றுபோனது.

“நல்லா செஞ்ச போ! கூலி உசத்திக் கேக்க மட்டும் தெரியுது உங்களுக்கு.”

“பாத்துத் தர்றேங்க” என்று சித்தப்பா அதை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அநியாயம் இல்லையா இது?

“தண்ணி ஊத்துனதாலதான் நின்னுச்சுன்னு சொல்லு சித்தப்பா!” என்று வழியெல்லாம் குதித்தேன்.

“வாய மூடிக்கிட்டு வா.”

காரியக்காரர்மேல் வந்ததைவிட எனக்குச் சித்தப்பாமேல்தான் அதிக ஆத்திரம் வந்தது. இவ்வளவு தொழில் தெரிந்தவர் இதைச் சொல்லக்கூடாதா? அந்த வீட்டில் காலேஜ்வரை படித்தவர்கள் இருந்தார்கள். ரேடியோவில் தண்ணீர் படக்கூடாது என்று பாவம், அவர்களுக்கு யாருமே சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. நாளைக்கு நானே போய்ச் சொல்லிக்கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.