செங்குத்துப் பாறைக்கு ஒரு ஜோடி

வேலூரில் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறி, எண்பத்திரண்டு கிலோமீட்டர் குலுங்கி, எட்டரைக்குத் திருவண்ணாமலையில் இறங்கினோம். எண்பதுகளின் தொடக்கம், கார்த்திகை தீபம் முடிந்து பதினைந்து நாள். டைபாய்டில் கிடந்தபோது, பிழைத்தால் மலையுச்சி ஏறுவதாக என் மனைவி சரோஜா வேண்டிக்கொண்டிருந்தாள். பிழைத்தாள். ஆனால் முழங்கால் வீங்கிவிட்டது, ஏற முடியாது. அவளுக்குப் பதில் நான். "பாதியில திரும்பிடாதீங்க" என்று பஸ்ஸிலேயே நான்கு முறை சொல்லிவிட்டாள்.

மலை 2,668 அடி. எனக்கோ வீட்டு மாடிப்படியே ஜாஸ்தி. சரோஜாவை லாட்ஜில் விட்டுவிட்டுத் தேரடி வீதியில் செருப்புக்கடைக்குப் போனேன்.

"செங்குத்தா ஏறணும்னா டைட்டா போடுங்க சார். விரல் மடங்கினாதான் பிடிப்பு" என்றார் கடைக்காரர்.

வார் தைக்க வந்திருந்த ஒரு வாத்தியார் விடவில்லை. "இறங்கறப்போ நகம் பேந்துடும். ஒரு சைஸ் ஜாஸ்தி வாங்குங்க."

மெல்லிய அடியா, தடித்த அடியா என்று இருவரும் சண்டைக்கே போய்விட்டார்கள். எனக்குத் தலை சுற்றியது. "நீங்க எதைப் போட்டு ஏறினீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க வெறுங்கால்லதான்" என்றார்கள் இருவரும்.

அதற்குப் பிறகும் முப்பத்தெட்டு ரூபாய்க்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பத்து மணி. கோயிலின் மேற்குக் கோபுரமான பேகோபுரத்தின் பின்னால், மலையடிவாரத்தில் உட்கார்ந்து ஷூவை மாட்டப் போனேன். புல்லறுக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்றார்.

"இன்னாங்க இது? மலையே சாமிதானே. சாமி மேல ஷூவோடயா ஏறுவீங்க?"

கயிறுகளை முடிச்சுப் போட்டு ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் குதிகால் பட்ட இடத்தில் என் காலை வைத்து ஏறினேன். பாதி மலையில் அவர் புல்லறுக்கப் பிரிந்து போய்விட்டார். ஒன்றேகாலுக்கு உச்சி. தீபம் எரிந்த பாறை நெய்யும் கரியுமாய்க் கறுத்து வழுக்கியது, தவழ்ந்துதான் போனேன். ஷூ காலில் இருந்தால் வழுக்கியிருக்காதா, இன்னும் வழுக்கியிருக்குமா, இன்றுவரை விளங்கவில்லை.

ஐந்து மணிக்கு லாட்ஜ் கட்டிலில் விழுந்தேன். சரோஜா ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரர் அடியில் சாக்பீஸால் எழுதிய விலை 38 அழியாமல் இருந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

"பாதியிலயே வந்துட்டீங்களா?"

காலைத் தூக்கிக் காட்டினேன். உள்ளங்கால் முழுக்கக் கரி, நெய் வாசனை. அவள் விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

பதறிப்போய்க் காலை இழுத்தேன். "மிதிச்சதைப் போய் நெத்தியில வைக்கலாமா?"

"கம்முனு இருங்க" என்று அடுத்த காலைப் பிடித்து இழுத்தாள்.