சத்துக் குளிசை என்று நினைத்தது

டெஸ்ஃபாயின் வலது செருப்பு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கழன்று கிடந்தது. அவன் வெறுங்காலோடு பத்தடி தாண்டிப் போயிருந்தான். கூப்பிட்டுக் காட்டினேன். காலைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் எத்தியோப்பியாவின் அம்ஹாரா இனத்தவன், நான் இலங்கையின் மட்டக்களப்பு. எண்பதுகளில் அகதிகளாகக் கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்த எங்கள் இருவருக்கும் கசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று). ஒரே வார்டில் பழகி, பிறகு அந்நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே அறையில் குடியிருந்தோம்.

ஐசோநயாசிட் என்ற மருந்தோடு பி6 விற்றமினும் தினமும் தந்தார்கள். எதற்கென்று பிரெஞ்சில் சொன்னார்கள், விளங்கவில்லை. விற்றமின் என்றால் நமக்குச் சத்துக் குளிசைதானே (மாத்திரை)! ஊரில் என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. என் பங்கைச் சேர்த்துப் பார்சலில் அனுப்பினேன். போதாதென்று டெஸ்ஃபாயிடமும் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தான்.

செருப்புக் கழன்ற அன்று வைத்தியர் அவனைக் கண்மூடச் சொல்லிப் பாதத்தில் ஊசியால் குத்தினார். "எப்போது குத்துவீர்கள்?" என்று கேட்டான் டெஸ்ஃபாய்.

விற்றமின் எடுத்தாயா என்றார் வைத்தியர். என்னைப் பார்க்காமலே "ஆம்" என்றான்.

எனக்கு மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்து யோகன் என்னிடம் குனிந்தான். "அண்ணை, நீங்கள்தானே கூட இருக்கிறியள். உண்மையாக் குடிச்சவரோ?"

சொன்னால் எங்கள் அகதி வழக்கே கெடுமோ என்று பயந்தேன். ஆனால் அந்தக் கால்கள் என் கண்முன்னே கிடந்தன.

"இல்ல தம்பி, அவர் குடிக்கல்ல. வாங்கி ஊருக்கு அனுப்பினது நான்தான். சொல்லு."

மருந்தை மாற்றி வெளியேற்றும் என்சைம் (கல்லீரலில் வேலை செய்யும் ஒரு புரதம்) சிலருக்குப் பிறப்பிலேயே மந்தம் என்றார் வைத்தியர். மருந்து உடம்பில் தேங்கி நரம்பைக் கெடுக்கும். விற்றமின்தான் அதற்குக் காவல். அம்ஹாரா மக்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய, டெஸ்ஃபாயும் அப்படித்தான். நம்மவர்களிலும் குறைவில்லை. ஆனால் என் சிறுநீரைச் சோதித்தபோது எனக்கு அது வேகம் என்று தெரிந்தது. நானும் விற்றமினை விட்டவன்தான். என் கால்களுக்கு ஒன்றுமில்லை. வெட்கமாக இருந்தது.

இந்த மருந்தை எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று உங்கள் உடம்பை எடைபோடாதீர்கள்.

விற்றமினைக் கூட்டிக் கொடுத்தார்கள். டெஸ்ஃபாயின் நெஞ்சு சுகமாயிற்று. கால்களில் உணர்ச்சி மாதக்கணக்கில் மேலிருந்து மெல்லத் திரும்பி, கணுக்காலோடு நின்றுவிட்டது; பாதங்களுக்கு வரவேயில்லை.

இப்போது குளியல் தொட்டியில் இறங்குமுன் என்னைக் கூப்பிடுவான். தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்த்து, 'சரி' என்று நான் சொன்னால் போதும், உடனே காலை வைத்துவிடுவான். ஒருநாளும் மறுபடி கேட்டதில்லை. நான்தான் பயத்தில் மூன்று முறை தொட்டுப் பார்க்கிறேன். என் கை இப்போது எனக்கு மட்டும் சொந்தமானதாக இல்லை.