மாட்டின் காதும் மனைவியின் காதும்

கணவன் மனைவிக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காருவதுதான் என் தொழில். பெங்களூரில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, கேரள எல்லையில் இருக்கும் என் ஊரான மீனாட்சிபுரத்துக்கே திரும்பி வந்து, தீவனக் கடை மாடியில் அறை எடுத்தேன். தமிழும் மலையாளமும் படித்தவள். எந்த மொழியில் சண்டை வந்தாலும் சமாளிக்கலாம் என்று நினைப்பு. கல்யாணமான உங்களுக்குத் தெரியும், பாதிச் சண்டை வாயே திறக்காமல் நடக்கிறது.

நடுவில் மாடு

திங்கட்கிழமை செல்வராசுவும் துளசிமணியும் வந்தார்கள். பத்து மாடு, இருபது வருஷக் குடித்தனம். வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் வந்து அவளைப் பிறந்த வீட்டுக்கே, வேலந்தாவளத்துக்கு, கூட்டிப்போவதாக ஏற்பாடு, பெட்டி கட்டியாயிற்று. எதிரெதிரே உட்காரவைத்து, கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னேன். இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசியில் செல்வராசு சொன்னார்:

"நாங்க பேசறதெல்லாம் பால் கறக்கறப்பத்தானுங்க மேடம். நடுவுல மாடு நிக்கும், மூஞ்சி தெரியாதுங்க."

மூன்று நாள் காய்ச்சல்

புதன்கிழமை இருவரும் வந்தபோது துளசிமணியிடம், எப்போது தனியாகிவிட்டதாகத் தோன்றியது என்று கேட்டேன். மார்கழியில் காய்ச்சலாகப் படுத்தாளாம். மூன்றாம் நாள் உள்ளே வந்த கணவர், மாட்டுக் கயிறு எங்கே என்று மட்டும் கேட்டாராம். நான் தடிதடியான புத்தகங்களில் படித்ததை அவள் அடுத்த மூச்சில் சொன்னாள்.

"மாட்டுக்குக் காச்சல்னா காதத் தொட்டே சொல்லிருவாருங்க. எங்காது மூணு நாளு கொதிச்சுது. தொட்டாருங்களா?"

துணித் தடுப்பு

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. வியாழக்கிழமை அவர்கள் வருவதற்குள் மூலையில் கிடந்த துணித் தடுப்பை இழுத்து இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நிறுத்திவிட்டேன். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்; நான் துளசிமணி பக்கம். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, "மாடு படுத்தா என்ன செய்யறதுன்னு தெரியும் புள்ள. நீ படுத்ததும் பயந்துட்டன். அதான் மாட்டுக்கிட்டயே போயி உக்காந்துக்கிட்டன்" என்றார் செல்வராசு.

தடுப்பின் ஓரமாக ஒரு கை வந்தது. சாணம் அள்ளிக் காய்த்துப்போன கை. தடவித் தடவி துளசிமணியின் காதைக் கண்டுபிடித்துத் தொட்டது. அவள் தலையை நகர்த்தவில்லை.

"இப்பக் காச்சல் இல்லீங்க. இருந்தாலும் கைய எடுத்துராதீங்க."

வெள்ளிக்கிழமை வந்த அண்ணன் காபி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினார் என்று கேள்வி. இத்தனை வருஷப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்ததெல்லாம், மாடு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு துணியை நிறுத்தியதுதான்.