நகர்த்தக் கூடாத தொட்டி

ஒரு பூந்தொட்டியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

படித்தவள் கேட்கிற கேள்வி இல்லை இது என்று எனக்குத் தெரியும். வேதியியலில் முதுகலை முடித்தவள் நான். திருமணத்துக்கு முன் ஒரு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். என் மாணவி யாராவது இதைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லியிருப்பேன். ஆனால் இன்றுவரை எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் மதுரையில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பால்கனி மேற்குப் பார்த்தது. கார்த்திகை மாதத்தில் வீடு பார்க்க வந்தபோது மாலை வெயில் இதமாக இருந்தது. துணி நன்றாகக் காயும் என்று நானே மகிழ்ச்சியாகச் சொன்னேன்.

முதல் பிரசவம் என்பதால் நான் திருமங்கலத்தில், என் அம்மா வீட்டில் இருந்தபோது என் மகள் பிறந்தாள். அவளுடைய தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் பத்திரமாக எடுத்து வைக்கும்படி மாமியார் முன்பே சொல்லியிருந்தார். பஞ்சில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் வைத்தோம். என் கணவர் குடும்பத்தில் அதை ஒரு செடியின் அடியில் புதைப்பார்கள். செடி தழைத்தால் பிள்ளையும் தழைக்கும் என்பது கணக்கு. உசிலம்பட்டியில் மாமியார் வீட்டின் பின்னால் நிற்கிற வேம்பு என் கணவருடையது. ஊருக்குப் போனால் இன்றும் அதன் நிழலில்தான் பைக்கை நிறுத்துவார்.

நாங்கள் குழந்தையோடு மதுரைக்குத் திரும்பியதும் மாமியார் வந்தார். கையில் ஒரு வெற்றிலைக் கொடி. வாடிப்பட்டிப் பக்கம் வெற்றிலை பயிரிடும் சொந்தக்காரர் ஒருவரிடம் வாங்கியது.

“ஊர்லயே புதைச்சிரலாமே அத்தை” என்றேன்.

“பிள்ள எங்க வளருதோ அங்கதான்த்தா இருக்கணும். மாடி வீட்டுல மரமா வைக்க முடியும்? தொட்டிக்கு இதுதான் தோது.”

மண் நிரப்பி, அந்தப் பஞ்சை உள்ளே வைத்து, மேலே கொடியை நட்டார். பால்கனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயில் அதிகம் விழுகிற மூலையாகத் தேர்ந்தெடுத்தார். அவர் மானாவாரிக் காட்டில் சோளமும் பருத்தியும் வளர்த்தவர். வெயில் படாத செடி உருப்படாது என்பது அவருடைய அனுபவம். வெற்றிலை நிழலில் வளர்கிற கொடி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

“இனிமே இத இங்கிட்டு அங்கிட்டு நகத்தக் கூடாது. புதைச்ச எடத்துலயே இருக்கட்டும்” என்றார். தொட்டி என்பதே நகர்த்துவதற்குத்தானே என்று தோன்றியது.

மாசி வரைக்கும் கொடி ஜம்மென்று ஏறியது. பங்குனியில் வெயில் பால்கனிக்குள் நேராக இறங்கத் தொடங்கியது. மதியம் மூன்று மணிக்குமேல் தரையில் கால் வைக்க முடியாது. இலைகள் முதலில் வெளுத்தன. பிறகு பழுப்புத் திட்டுகள். ஓரங்களைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின. கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அதனால்தான் இப்படி ஆகிறதோ என்று குறைத்தேன். கைபேசியில் தேடிய பிறகுதான், இந்தக் கொடிக்கு நேர் வெயில் ஆகாது, நிழலான வெளிச்சம் போதும் என்று தெரிந்தது.

“நெழலுக்கு நகத்திருவோம். அம்புட்டுத்தான” என்றார் கணவர். குனிந்து தொட்டியைப் பிடித்தவர், கையை எடுத்துக்கொண்டார். “எதுக்கும் அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கயேன்.”

“உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?”

“நம்பிக்கையெல்லாம் இல்ல. எதுக்கு வம்புன்னுதான்.”

செடியை நிழலுக்குக் கொண்டுபோக முடியாததால் நிழலைச் செடிக்குக் கொண்டுவரப் பார்த்தேன். குடையை விரித்துக் கட்டினேன். காற்றில் புரண்டு இரண்டு இலைகளைக் கிழித்தது. கணவரின் பழைய வேட்டியை நனைத்துக் கொடியின் மேல் போர்த்தினேன். அனல் காற்றில் அது சீக்கிரமே விறைத்துப்போனது. கடைசியில் நாற்றுப் பண்ணைகளில் கட்டுகிற பச்சை வலையை வாங்கிக் கட்டினேன். கொடிக்கு அது பிடித்திருந்தது. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“ஏம்மா, நர்சரி எதுவும் தொறக்கப் போறியா? ரோட்டுல இருந்து பாத்தா நம்ம வீடுன்னே தெரியல.”

“வெயில் ரொம்ப அடிக்குதுக்கா.”

“மதுரையில வெயில் அடிக்காம பனியா பெய்யும்? தொட்டியத் தூக்கி உள்ள வச்சா முடிஞ்சு போச்சு. அதுக்குப் போயி இம்புட்டுக் கூத்தா?”

மறுநாள் வலையை அவிழ்த்துவிட்டேன்.

மாமியார் வீடியோ காலில் முதலில் பேத்தியைப் பார்ப்பார், அடுத்து கொடியைக் கேட்பார். வலையை அவிழ்த்த வாரத்தில் பார்த்துவிட்டு, “ஏத்தா, எலையெல்லாம் காபி கொட்டுன மாதிரி கெடக்கு?” என்றார்.

“வெயில் தாங்கல அத்தை.”

“எங்க காட்டுல இல்லாத வெயிலா ஒங்க மாடியில அடிக்குது? தண்ணி ஊத்துறியா, போனையே பாத்துக்கிட்டு இருக்கியா?”

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா என்ன அத்தை?”

“ஒன் இஷ்டம்த்தா. படிச்ச பிள்ள, ஒனக்குத் தெரியாததா?” என்றார்.

கூடாது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இனி என்ன நடந்தாலும் அது என் இஷ்டத்தால் நடந்ததாகிவிடும். அதை நினைத்துச் சில நாட்கள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு மதியம், துணிந்து தொட்டியை இழுத்துக் கூடத்து ஜன்னலோரம் வைத்தேன்.

அன்று காலையில்தான் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு வந்திருந்தோம். “காய்ச்சல் வரும்மா, பயந்துக்கிறாதீங்க” என்று நர்ஸ் சொல்லி, கொடுக்க வேண்டிய மருந்தின் அளவையும் சொல்லி அனுப்பியிருந்தார். மாலையில் காய்ச்சல் வந்தது. சொன்ன அளவில் மருந்து கொடுத்தேன். ஊசி போட்ட தொடை லேசாக வீங்கியிருந்தது. எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவள் என் தோளில் சூடாகக் கிடந்தபோது என் கண் ஜன்னலோரத்துக்குத்தான் போனது. அவளைப் பாயில் கிடத்திவிட்டு, தொட்டியைத் திரும்பப் பால்கனிக்கு இழுத்தேன். பழைய இடத்தில் தண்ணீர்க் கறை வட்டமாக இருந்தது. அந்த வட்டத்துக்குள் சரியாக உட்காரும்வரை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

வேலையிலிருந்து வந்த கணவர் தொட்டியை இழுத்ததில் தரையில் விழுந்திருந்த மண் தடத்தைப் பார்த்தார்.

“காய்ச்சல் வரும்னு நர்ஸ் சொன்னாங்கள்ல?”

“சொன்னாங்க.”

“பிறகு ஏன்?”

நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. மருந்தால்தான் விட்டது. ஊசியால் வந்த காய்ச்சல் அப்படித்தான் போகும். இதை நான் யாருக்கு வேண்டுமானாலும் விளக்குவேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை நகர்த்த எனக்குக் கை வரவில்லை.

இப்போது டயப்பர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, பால்கனிக் கம்பிக்கு உள்பக்கமாக நிறுத்தி வைக்கிறேன். கொஞ்சம் மறைக்கிறது. வெயில் சாயச்சாய அட்டையை நகர்த்த வேண்டும். கொடியில் மேல் இலைகள் எல்லாம் போய்விட்டன. அடியில் ஒரு கணுவில் மட்டும் சின்னதாகத் துளிர் இருக்கிறது. அது காய்ந்தால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

போன வாரம் துணி எடுக்கப் போனேன். அட்டை காற்றில் விழுந்து கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து என் நிழல் சரியாக அந்தத் துளிர் மேல் விழுந்தது. அசையாமல் நின்றேன். முதுகு எரிந்தது. உள்ளே குழந்தை விழித்துச் சிணுங்குவது கேட்டது. இன்னும் கொஞ்சம், வெயில் அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும் என்று நின்றுகொண்டே இருந்தேன். சிணுங்கல் அழுகையாகி, அழுகை வீறிடலான பிறகுதான் ஓடினேன். வியர்த்து, முகம் சிவந்து கிடந்தாள். தூக்கியதும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காகத்தானே அங்கே நின்றேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அது எனக்கே சரியாகப் படவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் தொட்டியில் தொப்புள்கொடி புதைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தச் செடியை இடம் மாற்றினீர்களா? செடி பட்டுப்போயிருந்தால் அதே மண்ணில் வேறு செடி வைத்தீர்களா? நாங்கள் இருப்பது வாடகை வீடு, என்றாவது காலி செய்துதான் ஆக வேண்டும். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். மூடநம்பிக்கை என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நானே தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.