மூணு பேரும் ஓகே

"சும்மா கதை விடாதீங்கண்ணே"ன்னு கீழ எழுதப் போறவங்களுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். இது என் சொந்த மச்சானுக்கு நடந்தது. என் வீட்டுக்காரியோட தம்பி. அவனுக்குக் கதை விட வராது. சின்னதா ஒரு பொய் சொன்னாலே காது ரெண்டும் தக்காளி மாதிரி ஆயிடும். இதை எங்ககிட்ட சொன்னப்போ காது சிவக்கல. தலையைத்தான் நிமித்தவே இல்ல. ரெண்டு வருஷம் மனசுலயே வெச்சுப் புழுங்கிட்டு, ஒரு நாள் எங்க சமையல்கட்டுல நின்னுட்டே சொன்னான்.

பேய்னா இருட்டு வேணும்னு நினைக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க. இது நடந்தது பட்டப்பகல்ல.

மச்சான் மலை கைட் ஆகறதுக்குப் படிச்சவன். மலை ஏற வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய், பத்திரமா திருப்பிக் கொண்டாந்து விடற வேலை. கடைசிப் பரீட்சையில நிஜமான ஆளுங்களையே கூட்டிட்டுப் போகணும். பாஸானா ஒரு பேட்ஜ் குடுப்பாங்க. அது இல்லாம ஒருத்தரையும் மேல கூட்டிட்டுப் போக முடியாது. மச்சானுக்கு இது ரெண்டாவது தடவை. முதல் தடவை, ரொம்ப மெதுவா போறான்னு ஃபெயில் போட்டுட்டாங்க. மூணாவது வாய்ப்பு கிடையாது. கிளம்பறப்போ என் வீட்டுக்காரி போன்ல, "டேய், இந்த தடவையாவது நத்தை மாதிரி போகாதடா"ன்னு சிரிச்சா. அதை நினைச்சு இப்பவும் அவ தன்னைத்தானே திட்டிக்குவா.

அவன் கயித்துல ரெண்டு பேர். நடுவுல ஒரு பல் டாக்டரம்மா. கடைசியில ரிட்டையரான ஒரு வாத்தியார். வாத்தியாருக்கு ஓயாத இருமல்.

"சார், நீங்க இருமற இருமலுக்கு மலையே சரிஞ்சுடும் போல"ன்னு டாக்டரம்மா கிண்டல் பண்ணுவாங்க.

"சரியட்டும்மா. இறங்கற தூரம் குறையும்ல?"ன்னு அவர் இருமிக்கிட்டே சொல்லுவாரு.

உச்சிக்குப் போயாச்சு. இறங்கறப்போ ஒரு பெரிய பனிக்கட்டி மைதானத்தைத் தாண்டணும். மேல பாத்தா சமமாத்தான் தெரியும். அடியில கிணறு ஆழத்துக்கு வெடிப்பு இருக்கும். அதனாலதான் மூணு பேரையும் ஒரே கயித்துல மாட்டிக்கறது. ஆளுக்கு ஆள் பன்னண்டு அடி இடைவெளி. ஒருத்தர் விழுந்தா மத்த ரெண்டு பேர் புடிச்சுக்கலாம். வழி தெரிய அங்கங்க சிவப்புக் கொடி நட்டிருப்பாங்க.

அவங்க பயிற்சியில முதல் நாளே மண்டையில ஏத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க நின்னாலும் கைட் திரும்பி நடந்து போய் ஒவ்வொருத்தரையும் தோள்ல தொட்டு எண்ணணும். தொட்ட அப்புறம்தான் வாக்கி-டாக்கில "எல்லாரும் ஓகே"ன்னு சொல்லணும். கண்ணால பாத்தது கணக்கு இல்ல. குரல் கேட்டது கணக்கு இல்ல. தொட்டாதான் கணக்கு.

மதியம் ரெண்டு மணி வாக்குல மூடுபனி இறங்குச்சு. காத்து இல்ல. பனி பெய்யல. ஆனா எதுவும் தெரியல. கீழ வெள்ளை, மேல வெள்ளை. நீட்டின கையே பாதிதான் தெரிஞ்சுது. பாலுக்குள்ள போட்ட எறும்பு மாதிரி இருந்துச்சுன்னான் மச்சான்.

வாக்கி கூப்பிட்டுச்சு. கீழ, இவங்க போய்ச் சேர வேண்டிய கல்லு வீட்டுல உக்காந்திருந்த மாஸ்டர். பரீட்சை வெக்கறவரே அவர்தான்.

"எங்கப்பா இருக்கே? மத்த கயித்து ஆளுங்கெல்லாம் வந்து சேந்துட்டாங்க. ஆள் கணக்கு சொல்லு."

திரும்பி நடந்து போய்த் தொடணும். ஆனா ஏற்கெனவே லேட்டு. மச்சான் கயித்தை ரெண்டு தடவை இழுத்தான். டாக்டரம்மா அதே மாதிரி பின்னாடி வாத்தியார் பக்கம் இழுத்தாங்க. "ரெண்டு இழு வந்துச்சு தம்பி"ன்னு குரல் குடுத்தாங்க. ரெண்டு இழுன்னா 'நான் நல்லா இருக்கேன், போலாம்'னு அர்த்தம்.

"மூணு பேரும் ஓகே"ன்னு வாக்கில சொல்லிட்டான்.

காது சுட்டுச்சாம். அந்தக் குளிர்லயும்.

இன்னொண்ணும் பண்ணினான். மறுபடி கேட்டா மறுபடி பொய் சொல்லணுமேன்னு வாக்கியை அணைச்சு பையில போட்டுட்டான். 

நடந்தாங்க.

கொஞ்ச தூரம் போன அப்புறம் டாக்டரம்மா கேட்டாங்க, "வாத்தியாருக்கு இருமல் நின்னுடுச்சா தம்பி?"

ஆமா. இருமல் சத்தமே இல்ல. எப்பலேருந்து இல்லன்னு யோசிச்சான். ஞாபகம் வரல.

"நல்லதுதானே மேடம்"ன்னான்.

தண்ணி குடிக்க நின்னாங்க. டாக்டரம்மா ஃப்ளாஸ்க்ல வெந்நீர். அவங்க குடிச்சாங்க. ஆவி பறந்துச்சு. அப்புறம் ஃப்ளாஸ்க்கை எடுத்துட்டு கயித்தைப் புடிச்சுக்கிட்டே பின்னாடி போய் பனிக்குள்ள நீட்டினாங்க. ஒரு கை வந்து வாங்கிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பிக் குடுத்துச்சு.

"தம்பி... வாத்தியார் போட்டிருந்தது நீலக் கையுறைதானே?"

"ஆமா. ஏன்?"

"இல்ல... ஒண்ணுமில்ல."

ஃப்ளாஸ்க் மச்சான் கைக்கு வந்துச்சு. சாய்ச்சான். ஒரு சொட்டு விழல. உள்ள முழுசும் கட்டி.

ரெண்டு நிமிஷம் முன்னாடி ஆவி பறந்த தண்ணி.

அப்பவே அவனுக்குத் தெரிஞ்சு போச்சாம். இதை நல்லாக் கேட்டுக்கங்க. தெரியாமப் பண்ணல. தெரிஞ்சுது. மொத்தமா இருவத்தி நாலு அடிதான். நாலு எட்டு வெச்சா வாத்தியார் இருக்காரா இல்லையான்னு தொட்டுப் பாத்துடலாம். அவன் போகல. இப்ப பரீட்சைக்காக இல்ல.

பயம்.

"குளிரு மேடம். உறைஞ்சுடுச்சு. நடங்க."

கயிறு பின்னாடி தொங்கவும் இல்ல, இழுக்கவும் இல்ல. ஒழுங்கா, கூடவே வந்துச்சு. வாத்தியார் அவ்ளோ ஒழுங்கா நடந்ததே இல்ல.

அடுத்து நின்னப்போ மச்சான் கயித்துல கையே வெக்கல.

டக்... டக்...

ரெண்டு இழு.

"மேடம், நீங்களா?"

"இல்ல தம்பி." டாக்டரம்மா குரல் கிசுகிசுன்னு வந்துச்சு. "அங்கேருந்து... அதுவா இழுக்குது."

"திரும்பாதீங்க."

"தம்பி, வாத்தியாரைக் கூப்பிடுங்க..."

"நடங்க மேடம்!"

டக்... டக்...

நடந்தாங்க.

டக்... டக்...

ஓடினாங்க.

அதுவும் ஓடுச்சு.

கல்லு வீட்டுக் கதவு தெரிஞ்சுது. உள்ள விழுந்தாங்க. மச்சான் கயித்தை உள்ள இழுத்தான். லேசா வந்துச்சு. கடைசியில வாத்தியார் இடுப்பு வளையத்துக் கொக்கியில மாட்டியிருந்த முடிச்சு. முடிச்சு மட்டும். அவிழல, அறுக்கல. கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு.

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க.

உள்ள சமையல்காரர் மட்டும்தான் இருந்தாரு. "மாஸ்டர் எங்க?"ன்னு கத்தினான் மச்சான்.

"என்னப்பா, அவரும் மத்தவங்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு மேல போய் ஒரு மணி நேரம் ஆச்சே. வழியில பாக்கலையா?"

அவனுக்கு ஒண்ணும் புரியல. யாரும் சொல்லாம இவங்க எப்படிப் போனாங்க?

சாயங்காலம் வாத்தியாரைக் கொண்டு வந்தாங்க. உயிரோட. அவர் மெதுவாச் சொன்னாரு. பூட்ஸுக்கு அடியில மாட்டற இரும்பு முள்ளு கழண்டுடுச்சாம். குனிய முடியாம கயிறு இறுக்கவே, ஒரே நிமிஷம்னு கொக்கியைக் கழட்டியிருக்காரு. கயிறு கைநழுவிப் போயிடுச்சு. கத்தினது யாருக்கும் கேக்கல. அது மூடுபனி இறங்கின உடனே நடந்தது. மச்சான் வாக்கில பேசறதுக்கும் முன்னாடி.

"தனியா மாட்டிக்கிட்டா அசையாம உக்காருங்கன்னு நீதானே சொன்னே தம்பி"ன்னு அவன் கையைப் புடிச்சாரு. "அதான் உக்காந்துட்டேன். நீ விட மாட்டேன்னு தெரியும்."

குளிர்ல உறைஞ்சு கட்டுப் போட்டிருந்த அவர் கையில ரெண்டு விரலை அப்புறம் எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு மச்சான் "ஆமா சார்"னு சொன்னான்.

மறுநாள் காலையில மாஸ்டர் அவனைத் தனியாக் கூப்பிட்டாரு. திட்டுவாருன்னு நினைச்சான். அவர் பேட்ஜை எடுத்து அவன் உள்ளங்கையில வெச்சாரு.

"தொட்டு எண்ணாதது பெரிய தப்புப்பா. ஆனா அதை மறைக்காம நீயே வாக்கில சொன்னே பாரு, அதுக்குத்தான் இது. நான் பாத்த பாதிப் பேருக்கு அந்த நெஞ்சு கிடையாது. 'கடைசி ஆள் கயித்துல இல்ல. நான் தொட்டுப் பாக்கல. ரெண்டாவது சிவப்புக் கொடிகிட்ட இருக்காரு. சீக்கிரம் வாங்க'ன்னு அழுதுட்டே சொன்னே. சொன்ன இடத்துலயே இருந்தாரு. இன்னும் அரை மணி போயிருந்தா பொணத்தைத்தான் தூக்கியிருப்போம்."

 மச்சான் கையை மூடிக்கிட்டான். பேட்ஜோட சேத்து. வாசப்படி வரைக்கும் போயிட்டான்யா. அதைச் சொல்றப்போதான் எங்க வீட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

படியிலேருந்து திரும்பி வந்தான். பேட்ஜை மேசை மேல வெச்சான்.

"மாஸ்டர்... நான் சொல்லல. முதல் தடவை உங்ககிட்ட பொய் சொன்ன உடனே வாக்கியை அணைச்சுட்டேன். அப்புறம் நான் பேசவே இல்ல."



"உன் குரல்தான்ப்பா அது"ன்னாரு மாஸ்டர். "எனக்கு நல்லாத் தெரியும். ஆனா வழக்கப்படி 'யார் பேசறது'ன்னு கேட்டேன். நீ பேரைச் சொல்லல. பதட்டத்துல உளர்றேன்னு விட்டுட்டேன்..."

"என்ன சொன்னேன் மாஸ்டர்?"

"'கயித்துல கடைசியா வர்றவன் பேசறேன்'னு சொன்னே."