மாப்பிள்ளை வெட்டிய நிழல்

முழங்கால் அளவு சேற்றில் நின்றபடி கட்டைவிரல் நகத்தால் தளிரைக் கிள்ளுவாள். டக்கென்று ஒடிந்தால் கூடைக்கு. வளைந்து கொடுத்தால், "போடி கிழவி!" என்று திட்டி விட்டுவிடுவாள். பெரணிச் செடியில் தின்னக்கூடிய வகை இது; சந்தையில் சுருள்கீரை என்பார்கள். விற்பவளும் சுருள்கீரைக்காரி ஆகிவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள அந்தச் சதுப்பை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாள். மற்ற பயிருக்கெல்லாம் வெயில் வேண்டும். இந்த மகாராணிக்கு ஆகாது. வேர் எந்நேரமும் ஈரத்தில் ஊற வேண்டும், தலைக்கு மேல் மர நிழல் வேண்டும். வெயில் சுட்டால் சுருள் விரிந்து நாராகிவிடும், மாடுகூட மோந்து பார்க்காது. புருஷன் செத்தபின் மகளை ஆளாக்கியது இந்தக் கீரைதான். மகளும் மாப்பிள்ளையும் அவளோடுதான் இருக்கிறார்கள். அவர்கள் கையை எதிர்பார்த்து ஒரு வாய் காப்பி குடித்ததில்லை என்று அவளுக்குக் கொள்ளைத் திமிர்.

மாப்பிள்ளையிடம் நேராகப் பேச மாட்டாள், அவ்வளவு மரியாதை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்பாள் மகளிடம்.

நேற்று அவள் சந்தைக்குப் போன நேரத்தில் அந்த மாப்பிள்ளை ஆள் வைத்துச் சதுப்பு மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார். திரும்பி வந்தவளுக்குக் கண் கூசியது. அப்புறம் வாய் திறந்தது.

"கேளுடி உன் புருஷனை! யாரைக் கேட்டு வெட்டினாரு?"

"அம்மா, உன் காலெல்லாம் சேத்துப்புண்ணு. தரை காஞ்சா சரியாயிடும்னுதான் அவரு..."

"உங்க நல்லதுக்குத்தான் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"என் காலைப் பாத்தீங்களே, அது எதுல நிக்குதுன்னு பாத்தீங்களா? உங்களைத்தான் கேக்குறேன்! நாளைக்கு நான் சோத்துக்கு உங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கணுமா?"

மாப்பிள்ளைக்கு நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா கொட்டிவிடும்?

இன்று காலை வெயில் ஏறுமுன் அவர்கள் அறைக்குள் நுழைந்து கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு போனாள். வெட்டிக் கிடந்த கிளைகளைக் கம்பாக ஊன்றி, இன்னும் துளிர் மிச்சமிருந்த இடத்துக்கு மேல் விரிப்பை இழுத்து மூன்று முனைகளைக் கட்டினாள். நான்காவது கம்பு சேற்றில் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. தேய்த்த சட்டையும் பளபளத்த செருப்புமாக வேலைக்குக் கிளம்பிய மாப்பிள்ளை, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

"இங்க வாங்க."

வந்தார். ஒவ்வொரு அடிக்கும் கால்சட்டை சேற்றில் இறங்கியது. நான்காவது முனையை அவர் கையில் திணித்து, "பிடிங்க" என்றாள்.